அடுக்குமாடி கேஸ் லைன்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

கேஸ் லைனில் பழுது தெரியும் இடம் ஒன்று, பழுது இருக்கும் இடம் வேறு. தீ சுருங்கினால் அடுப்பைக் கழற்றுகிறார்கள். வாடை வந்தால் ஓஸை மாற்றுகிறார்கள். பாதி நேரம் குற்றவாளி மொட்டைமாடி ரெகுலேட்டராகவோ (அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் கருவி), இரண்டு தளம் தள்ளியிருக்கும் எல்போவாகவோ (வளைவு இணைப்பு) இருக்கும். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது என்பதுதான் இந்த வழிமுறைக்கு அடிப்படை.

சிலிண்டர் பேங்கிலிருந்து (வரிசையாக இணைத்த சிலிண்டர்கள்) வரும் எல்.பி.ஜி. லைன், மீட்டர் வழியாக வரும் பி.என்.ஜி. (குழாய்வழி இயற்கை எரிவாயு) லைன் இரண்டுக்கும் இது பொருந்தும். வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். வால்வை மூடுவது, சோப்பு நுரை போட்டுப் பார்ப்பது, கவனித்துச் சொல்வது ஆகியவற்றைக் குடியிருப்பவர் செய்யலாம். புரியைக் கழற்றுவதும் ரெகுலேட்டரைத் தொடுவதும் அங்கீகாரம் உள்ள ஃபிட்டரின் வேலை.

கையில் இருக்க வேண்டிய கருவி ஒரு யூ-டியூப் மானோமீட்டர். 8 மிமீ கண்ணாடிக் குழலை 60 செமீ பலகையில் யூ வடிவில் வளைத்துப் பொருத்தி, சாயம் கலந்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றினால் போதும். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே அழுத்தம். வீட்டு எல்.பி.ஜி. அடுப்புக்கு வரவேண்டியது சதுர செமீக்கு 30 கிராம், அதாவது 300 மிமீ நீர். பி.என்.ஜி.க்கு 21 மில்லிபார், ஏறத்தாழ 214 மிமீ. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த இரண்டு எண்களைச் சுற்றித்தான்.

அறிகுறி: வீட்டுக்குள் கேஸ் வாடை

முதலில் பாதுகாப்பு, பிறகுதான் காரணம். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. அழைப்பு மணி, எக்ஸாஸ்ட் ஃபேன், லிஃப்ட் எல்லாம் இதில் அடக்கம். பர்னர் குமிழ்களை மூடி, வீட்டு வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகு அங்கிருந்து போன் செய்யுங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கு 1906. பி.என்.ஜி.க்கு மீட்டரில் ஒட்டியிருக்கும் அவசர எண். அதை இன்றே எழுதி வாசற்கதவில் ஒட்டி வையுங்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையோடு ஊர்ந்து சிங்க் அடி, கழிவுநீர் ஜாலி, கீழ்த்தளக் கார் நிறுத்துமிடம் என்று பள்ளம் தேடிப் போகும். நின்ற உயரத்தில் வாடை குறைந்துவிட்டது என்பதால் கேஸ் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கலந்தாலே அது பற்றும். பி.என்.ஜி. காற்றைவிட லேசு, கூரையடியில் தேங்கும், பற்ற 5 சதவீதம் வேண்டும். கசிவு அலாரத்தை எல்.பி.ஜி. வீட்டில் தரையிலிருந்து ஒரு அடிக்குள்ளும், பி.என்.ஜி. வீட்டில் கூரையிலிருந்து ஒரு அடிக்குள்ளும் மாட்டச் சொல்வது இதனால்தான். எல்.பி.ஜி.யிலிருந்து பி.என்.ஜி.க்கு மாறிய பல வீடுகளில் அலாரம் மட்டும் பழைய இடத்திலேயே கீழே கிடக்கிறது. கூரையில் கேஸ் நிறைந்தாலும் அது சத்தம் போடாது.

காற்றாடிய பிறகு இடம் தேடுங்கள். பாத்திர சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கலக்கி, பிரஷால் ஒவ்வொரு இணைப்பையும் சுற்றிலும் தடவி, அரை நிமிடம் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொண்டு சோதிப்பது கொலைக்குச் சமம். அதிகம் கசியும் இடங்களை வரிசைப்படுத்தினால்: ஓஸின் இரு முனை, பர்னர் காக்கின் தண்டு, வால்வு தண்டின் பேக்கிங் நட், யூனியன், ரெகுலேட்டரின் மூச்சுத் துளை. மூச்சுத் துளையில் குமிழி வந்தால் உள்ளே டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. அந்தத் துளையை எம்-சீல் போட்டு அடைப்பவர்களும் உண்டு. டயஃப்ரத்தின் மேற்புறம் மூச்சு விட முடியாமல் போனால் ரெகுலேட்டர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது. சிறு கசிவு போய், பர்னரில் ஆளுயரத் தீ வரும்.

ஓஸ் விஷயத்தில் சமரசமே வேண்டாம். ஐ.எஸ். 9573 முத்திரை உள்ள, கம்பி வலை பதித்த ஆரஞ்சு நிற ஓஸ். நீளம் ஒன்றரை மீட்டருக்குள். 5 ஆண்டில் மாற்றம். எல்.பி.ஜி. சாதாரண ரப்பரைக் கரைத்து இளக்கிவிடும். 1968 மே மாதம் லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 18ஆம் தளத்தில் அடுப்பையும் ஓஸையும் இணைத்த தரமற்ற ஒரு பித்தளை நட் உடைந்து கசிந்ததே தொடக்கம். 4 பேர் இறந்தார்கள். நட்டை இறுக்கும்போது விரிசல் கண்ணில் பட்டால் இறுக்குவதை நிறுத்தி மாற்றுங்கள்.

அறிகுறி: வாடை வருகிறது, நுரையில் ஒன்றும் தெரியவில்லை

சிலிண்டர் தீரும் நேரமா என்று பாருங்கள். எல்.பி.ஜி.க்கு வாடை தருவது எத்தில் மெர்காப்டன். அது கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் அடியில் மிஞ்சும் திரவத்தில் செறிந்து, கடைசி ஓரிரு நாளில் வாடை தூக்கலாக வரும். பேங்கை மாற்றியதும் வாடை நின்றால் காரணம் அதுதான்.

இல்லையென்றால் மறைவிடங்களைச் சந்தேகியுங்கள்: சுவருக்குள் பூசி மூடிய இணைப்பு, காற்றோட்டமில்லாத டக்ட், ஸ்லாபைக் குழாய் கடக்கும் ஸ்லீவ் (உறைக்குழாய்). கசிவு ஒரு தளத்திலும் வாடை இன்னொரு தளத்திலும் இருக்கலாம். மீட்டர் உள்ள வீட்டில் எல்லாக் குமிழ்களையும் மூடி, கடைசிச் சிவப்பு இலக்கத்தைக் குறித்து, அரை மணி கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் மீட்டருக்கு அப்பால், வீட்டுக்குள் கசிவு.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. புதிதாகப் போட்ட இரும்புக் குழாய் முதல் சில நாட்கள் வாடையை உறிஞ்சிக்கொள்ளும். கேஸ் கசிந்தாலும் மூக்குக்குத் தெரியாது. வாடையில்லாத கேஸ் என்ன செய்யும் என்பதை 1937இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளி காட்டியது. தரைக்கடியில் கசிந்து சேர்ந்த இயற்கை எரிவாயு வெடித்து சுமார் 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள், இறந்தார்கள். வாடை சேர்ப்பது சட்டமானது அதற்குப் பிறகுதான். ஆகவே புது லைனை மூக்கை நம்பித் திறக்கக் கூடாது. அழுத்தச் சோதனைதான் சான்று.

அறிகுறி: அழுத்தச் சோதனையில் முள் இறங்குகிறது

முதல் கேள்வி, எந்த கேஜ்? சதுர செமீக்கு 0–10 கிலோ காட்டும் கேஜில் ஒரு கோடு என்பது 200 மில்லிபார். வீட்டு லைன் முழுவதும் காலியானாலும் அந்த முள் அசையாது. அசைந்தால் பெரிய ஓட்டை. சோதனை அழுத்தம் கேஜின் நடுப்பகுதியில் விழும்படி தேர்ந்தெடுங்கள். வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமலும், எப்படியும் 0.2 கிலோவுக்குக் குறையாமலும் ஏற்றுவது நல்ல வழக்கம். ஒப்பந்தமோ விதியோ அதிகம் கேட்டால் அதுவே. காற்று அல்லது நைட்ரஜன் மட்டும். ஆக்சிஜன் ஒருபோதும் வேண்டாம். ஏற்றுவதற்கு முன் அடுப்பு, மீட்டர், ரெகுலேட்டர் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு முனையை பிளக் போட்டு மூட வேண்டும். வால்வை மட்டும் மூடி நம்பினால், வால்வு விடும் கசிவைக் குழாயின் கசிவு என்று எண்ணி நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

இரண்டாவது கேள்வி, வெயில். மூடிய குழாயில் வெப்பம் 1 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 40 மிமீ நீர் மாறும். வெளிச்சுவரில் ஏறும் ரைசரில் (மேல்தளங்களுக்குப் போகும் நிலைக்குழாய்) மதியம் அழுத்தம் ஏற்றி மாலை பார்த்தால், 5 டிகிரி இறக்கத்துக்கே 200 மிமீ குறைந்திருக்கும். கசிவே இல்லாமல். காலையில் ஏற்றி மதியம் பார்த்தால் இன்னும் மோசம்: வெயில் ஏற ஏற அழுத்தம் கூடி, உண்மையான கசிவை மறைத்துவிடும். விடியற்காலையிலோ வெயில் சாய்ந்த பிறகோ ஏற்றி, 15 நிமிடம் நிலைக்க விட்டு, அதன்பின் எண்ணைக் குறியுங்கள்.

இதையெல்லாம் கழித்த பிறகும் இறங்கினால், லைனைப் பாதியாகப் பிரித்து நடுவில் பிளக் போடுங்கள். எந்தப் பாதி இறங்குகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். பத்து மாடி ரைசரில் நான்கு முறை பிரித்தால் ஒரு தளத்துக்குள் வந்துவிடலாம்.

கசியும் இணைப்பு கிடைத்ததும் அதன்மேல் டேப் சுற்றுவதும் பேஸ்ட் அப்புவதும் பழுது நீக்கம் ஆகாது. கழற்றுங்கள். பெரும்பாலும் இதில் ஒன்று இருக்கும்: எல்போவைத் திசை சரிசெய்ய இறுக்கியபின் கால் சுற்றுப் பின்னால் திருப்பியிருப்பார்கள் (கூம்புப் புரி ஒருமுறை தளர்ந்தால் மூடாது, மேலும் முன்னால்தான் போக வேண்டும்), டையில் (புரி வெட்டும் கருவி) எண்ணெய் விடாமல் வெட்டிப் புரி கிழிந்திருக்கும், டேப்பைத் தலைகீழாகச் சுற்றியிருப்பார்கள். கேஸுக்கான தடித்த டெஃப்லான் டேப்பை, முனை உங்களைப் பார்த்திருக்க, வலச்சுற்றாக 3 சுற்று. முதல் இரண்டு புரியை வெறுமையாக விட வேண்டும். அங்கே சுற்றினால் கிழிந்த துணுக்கு உள்ளே போய் ரெகுலேட்டர் இருக்கையில் (உள்ளே கேஸ் வழி மூடும் இடம்) உட்காரும். குழாய் ஐ.எஸ். 1239 சி கிளாஸ் தடிமன் கொண்டதாக இருக்கட்டும். மெல்லிய குழாயில் புரி வெட்டினால் அடியில் மிஞ்சும் உலோகம் மிகக் குறைவு.

அறிகுறி: ஒரு பர்னர் நன்றாக எரிகிறது, எல்லாம் போட்டால் சுருங்குகிறது

அதிகப் புகார் வருவதும் அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். மானோமீட்டரை அடுப்பு முனையில் மாட்டி இரண்டு அளவு எடுங்கள்: எல்லாம் மூடிய நிலையில் ஒன்று, எல்லாம் முழுதாக எரியும் நிலையில் ஒன்று. எல்.பி.ஜி. லைனில் முதலாவது 310, இரண்டாவது 280 என்றால் லைனில் குறையில்லை. பர்னருக்குக் கேஸ் விடும் சிறுதுளை முனையான ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள். இரண்டாவது 180 என்றால் வழியில் எங்கோ அடைப்பு அல்லது குறுகல். அதே இரண்டு அளவையும் வீட்டு ரெகுலேட்டரின் வெளிவாயிலில் எடுங்கள். அங்கே 290 நின்றால் குற்றம் ரெகுலேட்டருக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள குழாயில். அங்கேயும் 180 என்றால் ரெகுலேட்டர், அல்லது அதற்கும் மேலே. மேலே உள்ள ரைசர் கேஜ் எரியும்போது இறங்குகிறதா என்று பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீரும். நான்கே எண்கள், கால் மணி வேலை.

குழாய்தான் என்றால், பின்னாளில் சேர்த்த கேஸ் கீஸரைத் தேடுங்கள். இரண்டு பர்னர் அடுப்பு முழுத்தீயில் சுமார் 4 கிலோவாட். நிமிடத்துக்கு 6 லிட்டர் கீஸர் ஒன்றே சுமார் 12 கிலோவாட். இரண்டும் சேர்ந்தால் ஓட்டம் 4 மடங்கு. அழுத்த இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தில் கூடும். ஆக 16 மடங்கு. முன்பு 4 மிமீ இழந்த குழாய் இப்போது 64 மிமீ இழக்கிறது. ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் கூட்டி இதைச் சரிக்கட்டுபவர்கள் கீஸர் அணைந்திருக்கும் நேரத்தில் அடுப்புக்கு அளவுக்கு மீறிய அழுத்தத்தைக் கொடுக்கிறார்கள். செய்ய வேண்டியது குழாயை மாற்றுவது. அரை அங்குலக் குழாயின் உள்விட்டம் சுமார் 15 மிமீ, முக்கால் அங்குலத்துக்கு 20.5. இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் குறையும் என்பதால் முக்கால் அங்குலம் போட்டால் 64 என்பது 13 ஆகிவிடும். ஒரே ஒரு அளவு கூட்டுவதால் ஐந்தில் ஒரு பங்கு. வடிவமைக்கும்போது அரை அங்குல எல்போ ஒவ்வொன்றையும் அரை மீட்டர் கூடுதல் குழாயாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பீமைச் சுற்றி எட்டு எல்போ வளைத்த லைன் 4 மீட்டர் நீண்டுவிட்டது.

அளவு சரியாக இருந்தும் இழப்பு அதிகமென்றால் வெட்டிய முனையை ரீமர் போடாமல் விட்ட பிசிறு, அடுப்புக்குப் பின்னால் மடிந்த ஓஸ், பாதி திறந்த வால்வு ஆகியவற்றைப் பாருங்கள்.

அறிகுறி: காலையில் மட்டும், அல்லது மேல்தளத்தில் மட்டும் தீ குறைகிறது

காலையில் மட்டும் என்றால் பேங்குக்குப் போய் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். வெளிப்புறம் வியர்த்தோ உறைபனி பிடித்தோ இருந்தால், இழுக்கும் வேகத்துக்கு திரவம் ஆவியாக முடியவில்லை. 19 கிலோ சிலிண்டர் தொடர்ச்சியாக மணிக்கு அரைக் கிலோ அளவுதான் ஆவி தரும் என்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பு. ஒரு பக்கம் 6 சிலிண்டர் என்றால் 3 கிலோ, அதாவது சுமார் 38 கிலோவாட்: முழுத்தீயில் எரியும் 9 அடுப்புக்கு மேல் தாங்காது. மார்கழிக் காலையில், சிலிண்டர் பாதி காலியான நிலையில், இதைவிடக் குறையும். ஒரு பக்கத்தில் சிலிண்டர்களைக் கூட்டுங்கள், அல்லது வேப்பரைசர் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கருவி) போடுங்கள். வெந்நீர் ஊற்றுவதும் சிலிண்டரைச் சாய்ப்பதும் கூடாது. சாய்த்தால் திரவமே லைனுக்குள் வரும். அது ஆவியானால் சுமார் 250 மடங்கு விரியும்.

மேல்தளம் மட்டும் என்றால் உயரக் கணக்கு. எல்.பி.ஜி. கனமானது என்பதால் மீட்டருக்கு ஏறத்தாழ 1 மிமீ நீர் இழக்கும். கீழேயே 300 மிமீக்குக் குறைத்து அனுப்பினால் 30 மீட்டர் உயரத்தில் 30 மிமீ உயரத்துக்கே போய்விடும். குழாய் இழப்பு அதற்கு மேல். ரைசரில் கூடிய அழுத்தத்தை அனுப்பி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டாம் கட்ட ரெகுலேட்டர் வைப்பதற்குக் காரணம் இது. பி.என்.ஜி. லேசு, அது மேலே போகப்போக அழுத்தம் கொஞ்சம் கூடும்.

அறிகுறி: தீ பர்னரைவிட்டு எழும்புகிறது, சீறுகிறது

அழுத்தம் கூடியிருக்கிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டு மானோமீட்டரை 10 நிமிடம் கவனியுங்கள். மூடியதும் சற்று ஏறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டரின் இருக்கையில் தூசியோ டேப் துணுக்கோ உட்கார்ந்து மூடவிடாமல் செய்கிறது. வீட்டு வால்வை மூடுங்கள், ரெகுலேட்டரை மாற்றுங்கள். பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மாற்றியபின் முன்னால் ஒரு ஃபில்டர் போடுங்கள், இல்லையென்றால் அதே துணுக்கு ஆறு மாதத்தில் திரும்ப வரும்.

அறிகுறி: மஞ்சள் தீ, பாத்திரத்தில் கரி

காற்று போதவில்லை. பர்னரின் காற்றுத் துளை, சிலந்தி வலை, வழிந்த பால், இந்த வரிசையில் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மஞ்சள் என்றால் அடுப்பை விட்டுவிட்டு பொது ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பாருங்கள்.

எண்ணூர் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையம் 2019இல் திறந்தது; குழாய் எரிவாயுவுக்கு மாறும் வீடுகளில் ஜெட்டில் குழப்பம் வருகிறது. பி.என்.ஜி.க்கு வெப்பமும் அழுத்தமும் குறைவு. அதே சூட்டுக்கு ஜெட் துளையின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். பழைய ஜெட்டிலேயே பி.என்.ஜி. விட்டால் சிறு நீலத் தீ, தண்ணீர் கொதிக்காது, எரிச்சல்தான், ஆபத்தில்லை. மாற்றிய அடுப்பை ஊருக்கு எடுத்துப்போய் சிலிண்டரில் மாட்டுவதுதான் ஆபத்து: உயர்ந்த மஞ்சள் தீயும் கார்பன் மோனாக்சைடும் வரும். மாற்றிய அடுப்பில் ‘பி.என்.ஜி. மட்டும்’ என்று அழியாத மையில் எழுதுங்கள்.

அறிகுறி: குளிக்கும்போது தலைசுற்றல், வாடை எதுவும் இல்லை

வெந்நீரை உடனே மூடி, கதவைத் திறந்து வெளியே வாருங்கள். கீஸர் குளியலறைக்குள் இருந்தால் மேற்கொண்டு சோதனை எதுவும் தேவையில்லை; அதைக் கழற்றி வெளியே, திறந்த பால்கனிச் சுவரில் மாட்டுங்கள். 6க்கு 4 அடி குளியலறையில், 8 அடி உயரத்துக்கு இருக்கும் காற்று சுமார் 5.4 கன மீட்டர். 1 கிலோ எல்.பி.ஜி. எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். கீஸர் 10 நிமிடம் ஓடினாலே அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்; ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு வாடை, நிறம் எதுவும் இல்லை. மயங்கியவர் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பது பதிலாகாது. காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் ஃபேன் கீஸரின் புகையையே உள்ளே இழுக்கும்.

அறிகுறி: குழாயில் துரு, பெயின்ட் உப்பல்

ஸ்லாபை ஊடுருவும் இடத்தில் தொடங்கும். ஸ்லீவ் இல்லாமல் சிமெண்டால் நேரே அடைத்திருந்தால், கழுவும் தண்ணீர் தேங்கி அங்கே குழாயைத் தின்னும். கடலோரத்தில் இன்னும் வேகமாக. பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் தேய்த்து பிரைமர், மஞ்சள் பெயின்ட். நகத்தில் குழி தட்டுப்பட்டால் அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். புதிய ஸ்லீவ் தரைக்கு மேல் 5 செமீ நீட்டி நிற்கட்டும், அதற்குள் இணைப்பு எதுவும் வரக் கூடாது. அரை அங்குலக் குழாய்க்கு 6 அடிக்கு ஒரு கிளாம்ப், முக்கால், ஒரு அங்குலத்துக்கு 8 அடிக்கு ஒன்று. கிளாம்புக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ஈரம் தங்காது, பெயின்ட் அடிக்கவும் முடியும்.

வெட்டி மாற்றிய லைனை மறுபடி சோதித்த பிறகு கேஸ் விடும்போது, உள்ளே இருக்கும் காற்றை அடுப்பு வழியாகச் சமையலறையில் விடாதீர்கள். கடைசி முனையிலிருந்து ஓஸ் போட்டு, தீயும் சுவிட்சும் இல்லாத திறந்த வெளிக்குக் கொண்டுபோய் விடுங்கள். ஓஸ் முனையில் ஒருவர், வால்வில் ஒருவர் நிற்க வேண்டும். அதன்பின் ஓஸைக் கழற்றிய முனைக்கு நுரை, ஒரு பர்னர், இரண்டு மானோமீட்டர் அளவு. அந்த இரண்டு எண்ணையும் தேதியோடு வால்வுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். அடுத்து வரும் ஃபிட்டர் அங்கிருந்து தொடங்குவார்.